இரண்டரை மணி நேரம் திறந்து கிடந்த துளை

எங்கள் துறைமுக ஊரான புர்காஸில் இருப்பவர்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருப்பார்கள். அடுக்குமாடிக் கட்டடத்தின் ஏதாவதொரு மூலையில், குப்பைத் தொட்டிக்கும் எரிவாயு மீட்டருக்கும் நடுவே, அறுபதை நெருங்கும் ஒரு மனிதர் சுவரை ஒட்டி நின்றுகொண்டிருப்பார். கையில் நூல், நூலின் நுனியில் இரும்புக் குண்டு. குண்டு ஆடி அடங்கும்வரை அசையமாட்டார். அடங்கியதும் சுவருக்கும் நூலுக்கும் இடையே விரலை வைத்துப் பார்ப்பார். பிறகு சட்டைப் பையில் குண்டைப் போட்டுக்கொண்டு நடந்துவிடுவார். தொலைந்துபோன தன் நிழலைத் தேடுகிறார் என்று ஊரில் சொல்கிறார்கள். அவர் கடந்துபோகும்போது பேக்கரி வாசலில் நிற்கும் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள்.

அவர் பெயர் ஸ்தாமத். அவர் தேடுவது நிழலை அல்ல. எதைத் தேடுகிறார் என்பது எனக்குத் தெரியும். துளைச் சீட்டு எழுதியவள் நான்தான்.

ஸ்தாமத்தின் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். மகன் பதினெட்டு வயதில் ராணுவத்துக்குப் போனார். அங்கே துப்பாக்கி தரவில்லை. கட்டுமானப் படையில் போட்டு மண்வெட்டி தந்தார்கள். பைல் அடிக்கக் கற்றது அங்கேதான். அந்தக் காலத்து பைல் என்பது கட்டடத்தை அடியிலிருந்து தாங்க முன்கூட்டியே வார்த்து எடுத்த கான்கிரீட் தூண். அதை நிமிர்த்தி நிறுத்தி, நான்கு டன் சம்மட்டியால் மண்ணுக்குள் அடித்து இறக்குவார்கள். துறைமுகக் கிடங்குகள் பாதி அப்படி எழுந்தவைதான். அவருடைய இடது காது அந்தச் சம்மட்டிக்குப் போய்விட்டது. அதற்காக அவர் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. சம்மட்டி பொய் சொல்லாது என்பார். பத்து அடி அடித்தும் தூண் ஒரு விரல் அளவுகூட இறங்கவில்லையென்றால் கெட்டி மண்ணைத் தொட்டாயிற்று. இறங்கினால் இன்னும் அடிக்க வேண்டும். அவ்வளவுதான் கணக்கு.

பிறகு கம்யூனிஸ்ட் ஆட்சி போயிற்று. சம்மட்டி பழைய இரும்புக்குப் போயிற்று. துளையிடும் எந்திரம் வந்தது. மண்ணைக் குடைந்து துளை போட்டு, அதற்குள் கம்பிக் கூட்டை இறக்கி, நீண்ட குழாய் வழியாக அடியிலிருந்து மேலே கான்கிரீட்டை நிரப்பிக்கொண்டு வருகிற முறை. சத்தம் இல்லை, அக்கம்பக்கத்து வீடுகள் அதிர்வதில்லை. ஆனால் துளை நிறையக் கலங்கல் தண்ணீர் நிற்கும். அடியில் என்ன இருக்கிறது என்று எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. அளவு நாடாவின் நுனியில் குண்டைக் கட்டி இறக்கி, கையால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்தாமத்தின் கை அதற்காகவே செய்யப்பட்டதுபோல இருந்தது. நாடாவை இரண்டு விரலில் பிடித்து, குண்டைச் சற்றே தூக்கித் தூக்கிப் போடுவார். அடியில் கெட்டிக் களிமண் இருந்தால் விரலுக்கு ஒரு தட்டு வரும், மூடிய கதவைத் தட்டினாற்போல. வண்டல் படிந்திருந்தால் தட்டு வராது. குண்டு எங்கேயோ அமுங்கிப்போகும். இருபத்திரண்டு மீட்டர் ஆழத்தில் இருக்கிற இந்த வித்தியாசத்தை அவர் நம்மிடம் பேசிக்கொண்டே கண்டுபிடிப்பார்.

ஆறு வருடம் வெளியே சுற்றிவிட்டு நான் திரும்பி வந்திருந்தேன். அயர்லாந்தில் மீன் தொழிற்சாலை, கென்ட்டில் ஸ்ட்ராபெரி பறிப்பு, கடைசியில் ஒரு பயணிகள் கப்பலின் சமையலறை. ஊருக்கு வந்தும் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கிடைத்த முதல் வேலையில் சேர்ந்தேன். வாயா ஏரிக்கரையில் எட்டு மாடிக் குடியிருப்பு, நாற்பத்தாறு பைல். ஒவ்வொரு துளைக்கும் ஒரு சீட்டு: தொடங்கிய நேரம், சுத்தம் செய்த நேரம், ஆழம், கான்கிரீட் ஊற்றிய நேரம். கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டும். ஸ்தாமத் கையெழுத்துப் போடுவார், மாலையில் பொறியாளர் பில்யானா கையெழுத்துப் போடுவாள். பில்யானாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மூன்று சைட்டுகளை ஒன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் சைட்டுக்கு எப்போதும் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டேதான் வருவாள்.

எந்திரம் செவ்வாய்க்கிழமையே வந்து நின்றுவிட்டது. செவ்வாயில் யார் தொடங்குவார்கள்? வியாழக்கிழமை காலை முதல் துளை போட்டோம், ஏரியைப் பார்த்த மூலையில். எட்டு நாற்பதுக்கு அடியைச் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஸ்தாமத் குண்டை இறக்கினார். "வந்து தட்டிப் பாரும்மா, கதவு மாதிரி இருக்கு" என்று நாடாவை என்னிடம் நீட்டினார். என் விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருபத்திரண்டு மீட்டர் பத்து சென்டிமீட்டர் என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்து கம்பிக் கூட்டை இறக்கி உடனே கான்கிரீட் ஊற்றியிருக்க வேண்டும். கட்டட முதலாளி கானெவ் கையைக் காட்டி நிறுத்தினார். பாதிரியார் வரவில்லை.

கானெவ் கெட்டவர் அல்ல. முதல் துளையில் புனித நீர் விழாமல் ஒரு வாளி கான்கிரீட்கூடப் போகக் கூடாது என்று நினைப்பவர், அவ்வளவுதான். பாதிரியார் வேறொரு வீட்டில் சாவுச் சடங்கில் இருந்தார். நாங்கள் காத்திருந்தோம். மேசையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவும் ராக்கியாச் சாராயமும் இருந்தன. பலிக்கான சேவல் ஒன்று கால் கட்டப்பட்டுக் கிடந்தது. கலவை லாரி வந்து நின்று உருளையைச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏரியில் கூழைக்கடாக்கள் இறங்கின. ஸ்தாமத் கிழக்கே முதுகைக் காட்டி நின்று பனிட்சா தின்றுகொண்டிருந்தார். அவர் நிழல் ஈர மண்ணில் நீளமாகக் கிடந்தது.

ஜெல்யோ அப்போதுதான் அதைச் செய்தான். கம்பி கட்டுகிற குழுவின் தலைவன், வாய் ஓயாதவன். சணல் நூலை எடுத்துக்கொண்டு ஸ்தாமத்தின் பின்னால் குனிந்து, குதிகாலிலிருந்து நிழலின் தலைவரை அளந்தான். அந்த அளவுக்கு அறுத்து, ஒரு கல்லில் சுற்றித் துளைக்குள் போட்டான். தண்ணீர் ஒரு சத்தம் எழுப்பியது. பையன்கள் சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

நிழலின் அளவு அடிமானத்துக்குள் போனால் அந்த மனிதன் நாற்பது நாளில் செத்துப்போவான், அதன்பின் கட்டடத்தைத் தாங்கிக்கொண்டு அதன் கீழேயே காவலாக நிற்பான். எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தருவதில்லை, எப்படியோ தெரிந்திருக்கும். கட்டட வேலை நடக்கும் இடத்தைத் தாண்டும்போது என் அம்மா இன்றைக்கும் தெருவின் எதிர்ப்பக்கம் போவாள்.

ஸ்தாமத் திரும்பிப் பார்த்தார். "என்னடா போட்டே?"

"உங்களைத்தான் மேஸ்திரி. இனிமே இந்தக் கட்டடத்துக்கு நீங்கதான் பொறுப்பு."

"சம்பளம் உண்டா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்தாமத்தும் சிரித்தார். கானெவ் அவருக்கு ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார். பதினொரு மணிக்குப் பாதிரியார் வந்தார், மந்திரம் சொன்னார், துளசிக் கொத்தால் நீர் தெளித்தார். சேவலின் ரத்தம் துளையின் விளிம்பில் விழுந்தது. கூட்டை இறக்கினார்கள். லாரிக்காரன் கத்திக்கொண்டிருந்தான், இன்னும் தாமதித்தால் கலவை இறுகிவிடும் என்று. ஆழத்தை மறுபடியும் பார்க்க வேண்டாமா என்று நான் ஸ்தாமத்தைக் கேட்டேன். வேலைக்குப் புதியவள் என்பதால் கேட்டேன்.

"அதான் பாத்தாச்சேம்மா" என்றார்.

கான்கிரீட் ஊற்றிய நேரம் என்ற கட்டத்தில் 11:15 என்று எழுதினேன்.

முதல் வாரம் அது வேடிக்கையாகவே ஓடியது. ஜெல்யோவின் ஆட்கள் காலையில் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக நாற்பதில் மீதி நாள் எண்ணிக்கை சொன்னார்கள். "மேஸ்திரி, முப்பத்தஞ்சு." "மேஸ்திரி, முப்பத்திநாலு." அவர் தொப்பியைத் தொட்டுப் பதில் மரியாதை செய்தார். ஆனால் நான் இன்னொன்றையும் கவனித்தேன். கம்பிக் கட்டு ஒன்று தளர்ந்திருந்தால் பையன்கள் முன்புபோல அவிழ்த்துக் கட்டவில்லை. கீழே ஆள் இருக்கிறார், அவர் பிடித்துக்கொள்வார் என்றார்கள். விளையாட்டுக்குத்தான் சொன்னார்கள். கட்டும் அப்படியே துளைக்குள் போயிற்று.

அவர் மனைவி கேராவுக்கு விஷயம் மீன் கடை வரிசையில் எட்டியது, ஜெல்யோவின் மனைவி மூலமாக. மறுநாள் மத்தியானம் கேரா சைட்டுக்கே வந்துவிட்டாள். வாட்டசாட்டமான பெண், பள்ளிச் சமையலறையில் முப்பது வருடம் வேலை செய்தவள். ஜெல்யோவைக் கம்பிக் குவியலின் முன்னால் நிறுத்தி, பையன்கள் எதிரிலேயே, அவன் வீட்டு ஆட்களின் நிழலை அளந்த நூல் எத்தனை அவன் வாசலில் விழும் என்று விவரமாகச் சொன்னாள். அவன் தலையை நிமிர்த்தவில்லை. பிறகு முதல் பைலைக் காட்டச் சொன்னாள். மண்ணுக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த கம்பி முனைகளையும் நடுவே சாம்பல் நிற வட்டத்தையும் வெகுநேரம் பார்த்தாள்.

"இத உடைச்சு எடுக்க முடியாதா?" என்று என்னிடம் கேட்டாள்.

இருபத்திரண்டு மீட்டர் என்று சொன்னேன்.

பன்னிரண்டாம் நாள். பதினேழாவது பைல். துளையைச் சுத்தம் செய்து ஆழம் பார்த்தாயிற்று. கலவை லாரி வழியில் நின்றுபோய் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. வழக்கம்போல ஸ்தாமத் குண்டை மறுபடியும் இறக்கினார். நாடா சீக்கிரமே தொய்ந்தது. தூக்கிப் போட்டார். மறுபடியும் போட்டார். முகம் மாறவில்லை. "சுத்தம் பண்ணுங்கடா" என்றார். நாற்பது சென்டிமீட்டர் வண்டல். கலங்கல் தண்ணீரில் மிதந்ததெல்லாம் நின்ற நேரத்தில் கீழே இறங்கிக் கூழாகப் படிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுக்க இருபது நிமிடம் ஆனது. பைல் நன்றாக முடிந்தது.

மாலையில் சீட்டுக் கட்டைக் கேட்டு வாங்கினார். கன்டெய்னர் அறையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியிலிருந்து முதல் சீட்டை உருவினார். 8:40. 11:15. இரண்டுக்கும் நடுவே விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் தீ ஏரிக்கு அப்பால் எரிந்துகொண்டிருந்தது.

"ஒன்றரை மணிக்கு நாப்பது. ரெண்டரை மணிக்கு எவ்வளவும்மா இருக்கும்?"

நான் மீதிச் சீட்டுகளை வரிசையாக அடுக்கினேன்.

தட்டிப் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. பைலின் தலையில் சிறு சுத்தியலால் அடித்து, எதிரொலியைக் கருவியில் பார்ப்பார்கள். இருபதாம் நாள் அந்தச் சோதனை நடந்தது. அதுவரை போட்டு இறுகியிருந்தவை எல்லாம் நன்றாக வந்தன, முதல் பைல் உட்பட. எனக்கு உயிர் வந்தது. ஸ்தாமத் பில்யானாவிடம் சும்மா பேச்சுக்குக் கேட்பதுபோலக் கேட்டார், இந்தக் கருவிக்குப் பைலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியுமா என்று. தெரியாது, பைலுக்குள் விரிசல் இருக்கிறதா என்பதுதான் தெரியும் என்றாள் அவள். கீழே என்ன என்பதை நீங்கள் சீட்டில் எழுதியிருக்கிறீர்களே என்று சொல்லிவிட்டுக் காருக்குப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் இளைக்கத் தொடங்கினார். பெல்ட்டில் புதிதாகத் துளை போட்டார். மத்தியானச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைத்தார். மூலையில் போய் நின்று அந்தச் சாம்பல் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பையன்கள் எண்ணிக்கை சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நூல் வேலை செய்கிறது என்று ஒருவருக்கொருவர் கண்ணால் சொல்லிக்கொண்டார்கள். ஜெல்யோ அவர் கண்ணில் படாமல் வேலை செய்யப் பழகினான். ஒருநாள் என்னிடம் வந்து, தான் விளையாட்டுக்குத்தான் செய்ததாகச் சொல்லிவிட்டுப் போனான். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் அந்த மூலையில் பைல் தலைகளையெல்லாம் சேர்த்துக் கட்டிப் பெரிய கான்கிரீட் மேடை போடுவதாக இருந்தது. அது விழுந்துவிட்டால் முதல் பைலை யாரும் தொட முடியாது. எட்டு மாடியின் ஏரிப் பக்க மூலை அந்தக் கூழின் மேல் உட்காரும். உடனே ஒன்றும் ஆகாது. ஆட்கள் குடிவருவார்கள், அலமாரிகள் வரும், குளியல் தொட்டிகளில் தண்ணீர் நிரம்பும். பாரம் முழுதாக வந்தபிறகுதான் அந்த மூலை கொஞ்சம் கொஞ்சமாக உட்காரத் தொடங்கும்.

சொல்லிவிடுங்கள் என்று நான் சொன்னேன். "சொன்னா என்ன சொல்லுவாங்கன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

முப்பத்திரண்டாம் நாள் தெரிந்துகொண்டேன். வாரக் கூட்டம் கன்டெய்னரில் நடந்தது. கானெவ், பில்யானா, ஜெல்யோ, நான். ஸ்தாமத் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டு சொன்னார். முதல் பைலின் அடி சுத்தமாக இல்லை. சுத்தம் செய்த பிறகு வெகுநேரம் திறந்து கிடந்தது. மறுபடியும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டது தன் தப்பு. மேலிருந்து அடிவரை துளைபோட்டு மாதிரி எடுத்துப் பார்க்க வேண்டும்.

பிறகு கானெவ் எழுந்துவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து தோளில் கைபோட்டார்.

"ஸ்தாமத் அண்ணே. எனக்குப் புரியுது. என் அப்பாவும் இதையெல்லாம் நம்புனவருதான்."

"எத?"

"நாப்பத்தாறு பைல் இருக்கு. எதுல சேறு இருக்குங்கறீங்க? அந்த நூலு கெடக்குறதுல. துளைபோட்டா நூலு வெளிய வந்துரும்னு பாக்குறீங்க. தப்பா எடுத்துக்காதீங்க, பாதிரியாரக் கூட்டிட்டு வந்து நானே பூசை வைக்கிறேன்."

"நூலப் பத்தி நான் பேசவே இல்லையே."

"நீங்க பேசலண்ணே. உங்க முகம் பேசுது. எத்தனை கிலோ போச்சு?"

ஜெல்யோ அழுதுவிட்டான். "மேஸ்திரி, என்னை மன்னிச்சிருங்க. அது வெறும் சணல்" என்றான். கேலி செய்திருந்தால் ஸ்தாமத் தாங்கியிருப்பார். அவர்கள் அன்பாகப் பேசினார்கள். பயந்துபோன கிழவரிடம் பேசுவதுபோல மெதுவாக, தெளிவாக, அவருடைய நல்ல காதுப் பக்கமாகக் குனிந்து பேசினார்கள். அவர் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் அந்தக் கை சொன்னதை யாரும் சந்தேகப்பட்டதில்லை.

நான் கட்டிலிருந்து முதல் சீட்டை எடுத்து பில்யானாவின் முன்னால் வைத்தேன். பக்கத்திலேயே பதினேழாவது சீட்டை வைத்தேன்.

அவள் இரண்டையும் படித்தாள். நேரங்களை மறுபடியும் படித்தாள். முதல் சீட்டின் கீழே தன் கையெழுத்து இருப்பதைப் பார்த்தாள். கார் சாவியை மேசைமேல் வைத்தாள். அதை அவள் கீழே வைத்து நான் பார்த்தது அன்றுதான். "மாதிரி எடுக்கணும்" என்றாள்.

கானெவ் கேள்விகள் கேட்டார். அவள் எதற்கும் பதில் சொல்லாமல் அதையே திரும்பச் சொன்னாள். கடைசியில் கானெவ் இரண்டு நிபந்தனை வைத்தார். தப்பு தன்னுடையது மட்டுமே என்று ஸ்தாமத் எழுதித் தர வேண்டும். இங்கே பேசியது வெளியே போகக் கூடாது. ஸ்தாமத் அங்கேயே எழுதிக் கொடுத்தார். அவர் கையெழுத்தைத் தவிர வேறெதையும் எழுதி அதுவரை நான் பார்த்ததில்லை. எழுத்துக்கள் பெரிது பெரிதாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளையுடையதுபோல இருந்தன.

முப்பத்தாறாம் நாள் துளைக் கருவி வந்தது. பைலின் நடுவே கை மணிக்கட்டு அளவுக்குத் துளைத்து, கான்கிரீட்டை உருளை உருளையாக வெளியே எடுத்து மரப்பெட்டிகளில் வரிசையாக அடுக்கினார்கள். பத்து மீட்டர் வந்தது, பதினைந்து வந்தது. எல்லாம் கெட்டியாக, கல்லுப்போல இருந்தன. கானெவ் ஒவ்வொரு பெட்டி நிறையும்போதும் ஸ்தாமத்தைப் பார்த்தார். பையன்கள் வேலையை விட்டுவிட்டு அரைவட்டமாக வந்து நின்றார்கள். அவர்கள் பார்க்க வந்தது நூலை. கேராவும் வேலிக்கு வெளியே நின்றிருந்தாள்.

இருபத்தொரு மீட்டர் இருபதில் எந்திரத்தின் சத்தம் மாறியது. அதுவரை அரைத்துக்கொண்டிருந்தது, திடீரென்று எதையும் கடிக்காமல் சுற்றியது. தண்டு தானாகக் கீழே நழுவியது. மேலே எடுத்தபோது உருளைக்குள் ஒன்றும் இல்லை. விளிம்பிலிருந்து சாம்பல் நிறக் கூழ் வழிந்து ஸ்தாமத்தின் பூட்ஸில் சொட்டியது. அடுத்த முறை களிமண் வந்தது. நடுவில் தொண்ணூறு சென்டிமீட்டருக்கு எதுவுமே இல்லை. இருபத்தொரு மீட்டர் நீளத் தூண் கஞ்சியின்மேல் நின்றிருந்தது.

ஸ்தாமத் குனிந்து அந்தக் கூழை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். முகத்தில் நிம்மதி இல்லை. நான் நிம்மதியை எதிர்பார்த்திருந்தேன்.

பில்யானா படம் எடுத்தாள். மறுநாள் பெட்டிகள் சைட்டில் இல்லை. மூலையில் இன்னும் இரண்டு பைல் போட்டார்கள். வரைபடத்தில் மாற்றம் என்று மட்டும் பையன்களுக்குச் சொல்லப்பட்டது. ஸ்தாமத்துக்கு வேலை போயிற்று. பையன்கள் தாங்கள் பார்த்ததை வைத்து ஒரு கதையைச் செய்துகொண்டார்கள். நூல் வெளியே வரவில்லை. அடியில் காலியாக இருந்தது. ஆகவே நிழல் கட்டடத்தை விட்டுக் கிளம்பிவிட்டது, எங்கேயோ சுற்றுகிறது, மேஸ்திரி அதைத் தேடுகிறார். ஜெல்யோவே அதை நம்பினான். அவன் நல்லவன், அதனால் பயபக்தியோடு எல்லோரிடமும் சொன்னான்.

நாற்பதாம் நாள் நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கேரா கதவைப் பூட்டிச் சாவியை மேலங்கிப் பைக்குள் வைத்திருந்தாள். எனக்காகத் திறந்துவிட்டு மறுபடியும் பூட்டினாள். நெத்திலி பொரித்திருந்தாள். ஸ்தாமத் சமையலறை மேசையில் உட்கார்ந்து, மாவு வந்த காகிதப் பையின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஜன்னலில் வெயில் சாயும்வரை மூவரும் உட்கார்ந்திருந்தோம். சூரியன் ஆலைக்குப் பின்னால் இறங்கியதும் கேரா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள், அழுதாள், எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைத்தாள்.

"முடிஞ்சுது ஸ்தாமத். நீ இருக்கே."

"எனக்கு என்னைக்குமே ஒண்ணுமில்ல கேரா" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார்.

இதற்கு முன் அவர் துளை முறையில் பைல் போட்ட பதினொரு கட்டடங்களின் பெயர். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு குறிப்பு. பாதிரியார் லேட், ரெண்டு மணி. மேயர் பேசினார், ஒண்ணே முக்கால். ஆட்டுக்கிடா அவிழ்த்துக்கொண்டு ஓடியது, மூணு மணி.

அப்போதுதான் எனக்கும் புரிந்தது. சம்மட்டிக் காலத்தில் பாதிரியார்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் பாதகம் இல்லை, அடித்து இறக்குகிற தூணுக்குக் கீழே எதுவும் படியாது. பிறகு ஒரே சமயத்தில் இரண்டும் வந்தன, துளைபோடும் எந்திரமும் பூசையும். அன்றிலிருந்து இந்த ஊரில் எந்தக் கட்டடத்திலும் இரண்டாவது பைல் பூசைக்காகக் காத்திருந்ததில்லை. முதல் பைல்தான் காத்திருக்கும். சுத்தம் செய்து, ஆழம் பார்த்து, எல்லோரும் நல்ல சட்டை போட்டு வந்து சுற்றி நின்று, அதில் வண்டல் படிய விடுவார்கள். பதினொரு முறையும் அவர் ராக்கியா குடித்தார். பதினொரு முறையும் அதான் பாத்தாச்சே என்றிருக்கிறார்.

"அப்பல்லாம் நேரம் எழுத ஆள் கெடையாதும்மா" என்றார். "நான் சொன்னதுதான் சீட்டு."

எல்லாத் துளையிலும் ஒரே அளவு படியாது. சில இடத்தில் மண் நல்ல மண், சிலவற்றில் பக்கத்துப் பைல்கள் பாரத்தைப் பிடித்துக்கொள்ளும். அவருக்கும் அது தெரியும். ஆனால் எது எப்படி என்று தெரியாது. ஆகவே ஒவ்வொன்றாகப் போய்ப் பார்க்கிறார். துளைக்குள் இறக்கிய அதே குண்டை நூலில் கட்டிச் சுவரோரம் தொங்கவிடுகிறார். மூலையில் விரிசல் கண்டால், அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்புச் சாந்தால் ஒட்டித் தேதி போடுகிறார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். குடியிருப்பவர்களிடம் முதலில் சொல்லிப் பார்த்தார். நிழல் மேஸ்திரி என்று பிள்ளைகள் பின்னால் வந்தார்கள். ஒரு கட்டடத்தில் ஒரு பெண் பூண்டு மாலையை வாசலில் மாட்டினாள். நகராட்சியில் மனுவை வாங்கிப் படித்தவர், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். பில்யானாவுக்கு நான் மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

நான் இன்னும் கிளம்பவில்லை. இந்நேரம் வேறு நாட்டுக்குப் போயிருக்க வேண்டியவள். வியாழக்கிழமைகளில் அவரோடு நடக்கிறேன். கோடை முழுக்க ஒன்பது கட்டடங்களில் கண்ணாடி முழுசாக இருந்தது. பத்தாவதில் விரிசலே இல்லை.

போன வியாழன் பதினொன்றாவதற்குப் போனோம். பழைய உப்பளத்தை மேடாக்கிக் கட்டிய ஏழு மாடி, கீழே பேக்கரி. ஆட்டுக்கிடா ஓடிய கட்டடம் அதுதான். வடக்கு மூலையில் எரிவாயு மீட்டருக்குப் பின்னால் ஜூன் பன்னிரண்டு என்று தேதி போட்ட கண்ணாடி இருந்தது. அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. ஸ்தாமத் விரல் நகத்தால் தொட்டார். கீழ்ப் பாதி அவர் கையில் வந்தது.

அவர் குண்டைத் தொங்கவிட்டார். ஆடி அடங்கும்வரை நின்றோம். ஜூனில் சுவருக்கும் நூலுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தது. இப்போது இரண்டு விரல்கள் நுழைந்தன.

தலைக்கு மேலே யாரோ பால்கனியில் கம்பளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். ஸ்தாமத் கண்ணாடித் துண்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போய் வீட்டு அழைப்புமணிகளில் முதல் பொத்தானை அழுத்தினார்.

"யாரு?" என்றது பேசும் பெட்டி.

"ஸ்தாமத். பைல் மேஸ்திரி. கொஞ்சம் கீழ வாங்க, ஒண்ணு காட்டணும்."

உள்ளே ஒரு குரல் இன்னொரு குரலிடம் ஏதோ சொன்னது. நிழல் என்ற சொல் மட்டும் காதில் விழுந்தது. சிரிப்புக் கேட்டது. பெட்டி அணைந்தது.

நான் பையிலிருந்து காகிதத்தை எடுத்துக் கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன்: 10:40. அவர் இரண்டாவது பொத்தானை அழுத்தினார்.